தவில் விரலைத் தப்பாமற் காட்டுவது எது?

அளவெட்டியைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருவர் வரைந்த மடலே இவ்வாரம் நமது பகுதிக்கு வாய்த்த பொருள். மடலின் சாரம் இது: அவருடைய வீட்டில் 40 இறுவட்டுகள் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. ரொறன்ரோவில் நடந்த சின்னம்மாவின் திருமணம், இலண்டனில் நடந்த மாமாவின் திருமணம், ஊர்க் கோயிலின் தேர்த்திருவிழாக்கள், பிள்ளைகளின் பிறந்தநாட்கள் எல்லாம் அவற்றுள் அடக்கம். அவற்றை ஓட்டிக் காட்டிய பெட்டி பழுதாகிவிட்டது. திருத்துவதற்கு உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. தந்தையார் பழைய கணினி ஒன்றை வாங்கித் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டார்.

"இறுவட்டைப் போட்டாற் கணினி பேசாமல் இருக்கிறது. அதற்கென ஒரு மென்பொருள் வேண்டுமாம். கடைக்காரர் ஒன்றைச் சொல்கிறார். அண்ணா வேறொன்றைச் சொல்கிறார். அம்மம்மாவோ, விசா கிடைக்காமையால் நேரிற் காண முடியாது போன தம் மகளின் திருமணத்தை இந்த வட்டிலேதான் கண்டவர். மீண்டும் எப்போது காட்டுவாய் என்று நாள்தோறும் கேட்கிறார். எந்த மென்பொருள் நல்லது?" என்பது அவருடைய வினா.

வினா சிறிதுபோலத் தோன்றும், ஆயின் சிறிதன்று. 1990இல் மூண்ட போருக்குப் பின் குடாநாடு பல்லாண்டுகள் மின்னிணைப்பு இன்றி இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டு ஒரே இரவில் நடந்தபோது, கையில் எடுத்துச் சென்றவை சிலவே. சுவரில் மாட்டியிருந்த படங்களையும் அலுமாரியில் வைத்திருந்த நாடாக்களையும் எடுத்துச் செல்ல யாருக்கு நேரம் இருந்தது? பின்னர் 2002இல் போர் ஓய்ந்து கண்டி வீதி திறக்கப்பட்டது. கடல் கடந்து வாழ்வோர் ஊருக்கு வந்தனர்; வரும்போதெல்லாம் கையிலே இறுவட்டுகளும் வந்தன. ஆகவே நம் வீடுகளிற் பலவற்றில், குடும்பத்தின் நினைவு என்று எஞ்சியிருப்பது இந்த 12 சென்ரிமீற்றர் அகலமுள்ள வட்டுத்தான். அதனை ஒழுங்காகப் படித்துக் காட்டும் மென்பொருள் எதுவென்று கேட்பது வீண் வினா ஆகுமா?

மென்பொருள்களை ஒப்பிடுவதற்கு ஓர் உரைகல் வேண்டும். வேறு ஊராயின் திரைப்படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அளவெட்டிக்கு அது வேண்டியதில்லை. நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனைத் தன் பெயரோடு சேர்த்து உலகறியச் செய்த ஊர் அது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊரும் அதுவே. தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். வீட்டுக்கு வீடு காட்சிப்பதிவைக் கொண்டுவந்த வி.எச்.எஸ். நாடா ஜப்பானில் விற்பனைக்கு வந்ததோ 1976இல். அவருடைய கதையை அம்ஷன் குமார் ஆவணப்படமாக எடுத்து, அப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதும் பெற்றது. எனினும் அவ்விரல்கள் நடமாடிய நூற்றுக்கணக்கான திருவிழா இரவுகளை ஊரார் தம் வீட்டிற் பதிந்துவைக்க அக்காலம் இடந்தரவில்லை. இன்று கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலிலோ வேறொரு கோயிலிலோ நடக்கும் தவிற் சமாவை யாரும் பதிந்துவைக்கலாம். எனவே நமக்கு உரைகல் அந்தத் தவில் வட்டே. அதனைச் சரியாகக் காட்டும் மென்பொருள் திருமணத்தையும் சரியாகக் காட்டும்.

முதலில், கணினி ஏன் பேசாதிருக்கிறது என்பதைக் காண்போம். இறுவட்டிலே படம் படமாக இருப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சியை 4.7 கிகாபைற் இடத்துள் அடக்குவதற்காக அது எம்பெக்-2 என்னும் முறையிற் சுருக்கப்பட்டிருக்கின்றது. அதனை விரிக்கும் கருவியைக் கணினியோடு சேர்த்துக் கொடுப்பதற்குக் காப்புரிமையாளருக்குத் தொகை செலுத்த வேண்டியிருந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7இன் பெரும்பாலான பதிப்புகளில் அக்கருவி உடன் இருந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் அதனை நீக்கிவிட்டார்கள். இறுவட்டுச் செலுத்தி இல்லாத கணினிகள் பெருகிய காலத்தில் எல்லாக் கணினிக்கும் அத்தொகையைக் கட்டுவானேன் என்பது அவர்கள் கணக்கு. விண்டோஸ் 10க்குத் தனியாக விலை வைத்து ஒன்றை விற்றார்கள். ஆகவே கணினி பழுதன்று. அதற்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை, அவ்வளவே.

அம்மொழிபெயர்ப்பாளராக வரக்கூடியவர் ஐவர்.

முதலாமவர் வி.எல்.சி. செம்மஞ்சள் நிற வீதிக் கூம்பு ஒன்றைச் சின்னமாகக் கொண்டது. 1996இல் பாரிசின் எக்கோல் சென்ட்ரால் என்னும் பொறியியற் கல்லூரி மாணவர்கள் தம் விடுதி வலையமைப்பிலே தொலைக்காட்சி பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை இது. 2001இல் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை கொடுத்து வெளியிட்டார்கள். இரண்டாமவர் மீடியா பிளேயர் கிளாசிக் ஹோம் சினிமா. இதுவும் இலவசமே, பழைய கணினியிலும் சுமையின்றி ஓடும். இதனை வளர்த்த குழுவினர் 2017இல் நிறுத்திக்கொண்டபோதிலும், வேறொருவர் அதனைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறார். மூன்றாமவர் கோடி. எண்ணிக்கைக் கோடியன்று, அதன் பெயரே அது. எக்ஸ்.பி.எம்.சி. என்று வழங்கி, 2014இற் பெயர் மாறியது. இதுவும் இலவசம். நான்காமவர் தாய்வான் நாட்டு சைபர்லிங்க் நிறுவனத்தின் பவர் டிவிடி. ஐந்தாமவர் கோரெல் நிறுவனத்தின் வின் டிவிடி. இவ்விரண்டுக்கும் விலை உண்டு.

இனிச் சோதனைக்கு வருவோம்.

முதற் சோதனை: வட்டுத் திறக்கின்றதா? கடையில் விற்கும் திரைப்பட வட்டுகளுக்காக உலகத்தை 6 பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்திருந்தார்கள். கனடாவும் அமெரிக்காவும் 1, பிரித்தானியாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் 2, அவுஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. கணினியின் செலுத்தியில் இவ்வெண்ணை 5 தடவைதான் மாற்றலாம். அதன்பின் கடைசி எண்ணிலேயே அது நிலைத்துவிடும். விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இவ்விதியை அப்படியே கடைப்பிடிப்பவை, ஆகவே கனடாவிலிருந்து வந்த திரைப்படத்தைப் போட்டதும் "எண்ணை மாற்றவா?" என்று கேட்டால், சிந்தியாமல் "ஆம்" என்று அழுத்திவிடக் கூடாது. வி.எல்.சி. பல செலுத்திகளில் இவ்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் நம் மாணவியின் வட்டுகளுக்கு இத்தொல்லை இல்லை. படப்பிடிப்பாளர் வீட்டிற் பதிந்து கொடுத்த வட்டுக்குப் பகுதி எண்ணே கிடையாது. வேறொரு வேறுபாடு உண்டு. இலங்கை, பிரித்தானியா, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகியன பால் என்னும் முறையைப் பின்பற்றியவை. வினாடிக்கு 25 படம், 576 வரி. கனடா பின்பற்றியது என்.டி.எஸ்.சி. முறை, வினாடிக்கு ஏறத்தாழ 30 படம், 480 வரி. ரொறன்ரோத் திருமணம் நம்மூர்ப் பழைய தொலைக்காட்சியிற் கறுப்பு வெள்ளையாகவோ மேலும் கீழும் உருண்டோ தோன்றியது இதனாலேதான். கணினிக்கு இரண்டும் ஒன்றே. இச்சோதனையில் ஐவரும் தேறுகின்றனர்.

இரண்டாஞ் சோதனைதான் முக்கியமானது: கை ஒழுங்காகத் தெரிகின்றதா? தவிலின் வலந்தலையிலே கூடு மாட்டிய விரல்கள் ஓடுகின்றன. தொப்பியிலே கழி விழுகின்றது. அக்காலத்து ஒளிப்பதிவுக் கருவி ஒரு படத்தை ஒரே வீச்சில் எழுதுவதில்லை. ஒற்றை எண் வரிகளை முதலிலும், இரட்டை எண் வரிகளை வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எழுதும். அந்த இடைவேளைக்குள் கழி இடம் பெயர்ந்துவிடுகிறது. மென்பொருள் இரண்டையும் அப்படியே பின்னிக் காட்டினால், கையின் ஓரம் சீப்புப் பற்களைப்போற் கிழிந்து தெரியும். இரண்டையும் கலந்து பூசினால் ஒரு கழி இரண்டு கழியாகி, பேய்க்கழி ஒன்று கூடவே ஆடும். ஒரு பாதியை வீசிவிட்டால், படம் தெளிவாக இருக்கும். ஆனால் அசைவிற் பாதி போய்விடும். இரண்டு பாதியையும் தனித்தனி முழுப் படமாக்கி வினாடிக்கு 50 படமாகக் காட்டுவதே நேரான முறை.

வி.எல்.சி.யில் இது தானாகச் சரியாக அமையும் என்று நம்பியிருக்க வேண்டாம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடியோ என்னும் தலைப்பின்கீழ் டீஇன்டர்லேஸ் என்பதைத் திறந்து, அதன் முறைகளிலே யாடிஃப் 2எக்ஸ் என்பதைத் தெரிவு செய்க. பிளெண்ட் என்பது பேய்க்கழி. டிஸ்கார்ட் என்பது பாதியை வீசுவது. மீடியா பிளேயர் கிளாசிக்கும் கோடியும் கணினியின் படச்சில்லைக் கொண்டே இவ்வேலையைச் செய்விக்கும். சில்லு ஓரளவு நல்லதாயின் விளைவும் நன்றாக இருக்கும். விலை மென்பொருள் இரண்டும் இதிலே குறைந்தவை அல்ல. ஆயினும் முந்தியவையும் அல்ல.

இதனோடு ஒட்டிய இன்னொரு நுட்பம் உண்டு. கணினி தொலைக்காட்சிக்கு வினாடிக்கு 60 தடவை படம் அனுப்புவது வழக்கம். பால் முறை வட்டோ 50 படம் தருகின்றது. ஆகவே 5 படத்துக்கு ஒன்று இரு தடவை காட்டப்படுகின்றது. தேர் மெல்ல நகரும் காட்சியில் இது விக்கலாகத் தெரியும். கோடியில் ஒரு தெரிவை இயக்கிவிட்டால், வட்டுக்கேற்பத் தொலைக்காட்சியை அது தானே 50க்கும் 60க்கும் மாற்றிவிடும். மீடியா பிளேயர் கிளாசிக்கிலும் இவ்வசதி உண்டு. வி.எல்.சி.யில் இல்லை, விண்டோஸின் திரை அமைப்புக்குச் சென்று நாமே மாற்ற வேண்டும்.

மூன்றாஞ் சோதனை: அடியும் ஓசையும் சேர்கின்றனவா? பேச்சிலே சிறு பிசகு இருந்தாற் கண் பொறுத்துக்கொள்ளும், தவிலிலே பொறாது. கழி தோலில் விழுமுன் ஓசை கேட்டால், தாளம் அறிந்த குழந்தையும் முகஞ் சுளிக்கும். புதிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கின்றன. கணினியிலிருந்து ஒலிபெருக்கிக்குத் தனியே கம்பி கொடுத்திருந்தால் ஓசை முந்திவிடுகிறது. வி.எல்.சி.யில் விசைப்பலகையின் கே எழுத்தை ஒருமுறை அழுத்தினால் ஓசை வினாடியின் இருபதில் ஒரு பங்கு பிந்தும்; ஜே எழுத்தை அழுத்தினால் அவ்வளவு முந்தும். கழி விழுவதைப் பார்த்துக்கொண்டே அழுத்தி நிறுத்தலாம். ஏனையவற்றிலும் இவ்வசதி உண்டெனினும் இத்துணை எளிதன்று.

ஒலியளவைப் பற்றியும் ஒரு சொல். வி.எல்.சி.யின் ஒலிக்கோடு 100ஐத் தாண்டி 125 வரை செல்லும். நாதஸ்வரம் மேற்ஸ்தாயியிற் பிடிக்கும்போது 100க்கு மேல் வைத்தாற் குரல் கரகரக்கும். ஒலியைக் கூட்ட வேண்டுமாயின் தொலைக்காட்சியிற் கூட்டுக. மேலும் சில மென்பொருள்களில் மெல்லிய ஓசையை உயர்த்தி, உரத்த ஓசையை அடக்கும் இரவுநேர முறை ஒன்று இருக்கும். அயலாரின் உறக்கத்துக்கு அது நல்லது, தவிலுக்கு ஆகாது. தட்டும் தடவலும் ஒரே அளவிற் கேட்டால் அங்கே தவில் ஏது?

நான்காஞ் சோதனை: அம்மம்மாவால் இயக்க முடியுமா? இதனைப் பலர் சோதிப்பதில்லை. வி.எல்.சி.யும் மீடியா பிளேயர் கிளாசிக்கும் மேசையில் இருந்து சுட்டியைப் பிடிப்பவருக்காக அமைந்தவை, எழுத்துகள் சிறியவை. கோடியோ நாற்காலியிற் சாய்ந்திருப்பவர் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக அமைந்தது. பெரிய எழுத்து, பெரிய படம், ரிமோட்டின் நான்கு அம்புக்குறிகள் போதும். பவர் டிவிடியிலும் இத்தகைய தொலைக்காட்சி முகப்பு உண்டு.

இவ்விடத்திலே ஒரு சிறு குறிப்பு: பழைய திருமண வட்டுகளின் படம் ஏறத்தாழச் சதுரமானது. புதிய தொலைக்காட்சி அகலமானது. படத்தை இழுத்துப் பரப்பினால் மணமகளும் மணமகனும் பருமனாகத் தோன்றுவர். வி.எல்.சி.யில் ஏ எழுத்தை அழுத்த அழுத்த வடிவம் மாறும். இரு புறமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். முகம் முகமாக இருப்பதே வேண்டும்.

சோதனை முடிந்தது, தீர்ப்பு யாது? பணம் கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இவ்வீட்டுக்கு இல்லை. பவர் டிவிடியும் வின் டிவிடியும் தம் விலைக்குத் தரும் சிறப்புகள் பெரும்பாலும் கடைத் திரைப்படங்களுக்கும், பல ஒலிபெருக்கி வைத்த கூடங்களுக்கும் உரியவை. வீட்டிற் பதிந்த இரண்டு ஒலிவழி வட்டுக்கு அவை மேலதிகமாகச் செய்யக்கூடியது சொற்பம். முதலில் வி.எல்.சி.யை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுக. எந்த வட்டையும் திறந்து பார்க்க அது போதும். கணினி மிகப் பழையதாகிப் படம் தட்டுத்தடுமாறினால் மீடியா பிளேயர் கிளாசிக்கை நாடுக. தொலைக்காட்சியோடு நிலையாக இணைந்த கணினியில் வீட்டார் எல்லோரும் பார்ப்பதற்குக் கோடியே ஏற்றது. மூன்றையும் ஒரே கணினியில் வைத்திருப்பதற்கும் தடையில்லை.

நிற்க. மாணவி கேளாத ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மென்பொருளை வேண்டியபோது மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். வட்டை அவ்வாறு செய்ய இயலாது. வீட்டிற் பதியும் வட்டிலே தரவு இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் அதனை மெல்ல மெல்ல அழிக்கின்றன. படப்பிடிப்பாளர் அழகுக்காக ஒட்டிய வண்ணக் கடதாசி, ஈரத்திற் சுருங்கி வட்டைக் கோணச் செய்கிறது. தகரப் பெட்டி அடுப்படிக்கு அருகில் இருந்தால் இன்றே அதனை மாற்றுக. அழுக்குப் படிந்த வட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்; வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் பதிவின் வழியிலேயே நீண்டு விழும்.

நல்ல வட்டொன்றைப் படியெடுப்பது எளிது. வட்டைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்று பெயர் கொண்ட கோப்புறை ஒன்று இருக்கும். வீட்டிற் பதிந்த வட்டுக்குப் பூட்டு இல்லாமையால், அதனை அப்படியே வன்வட்டில் இழுத்துப் போட்டு, நாளும் நிகழ்ச்சியும் எழுதிப் பெயரிடலாம். மேலே சொன்ன மூன்று இலவச மென்பொருள்களும் அக்கோப்புறையை வட்டாகவே பாவித்துக் காட்டும். ஒரு தெராபைற் வன்வட்டு இத்தகைய 200 இறுவட்டுகளைத் தாங்கும். 40 வட்டு அதற்கு ஒரு மூலைக்குப் போதாது. இடம் மிச்சப்படுத்துவதாக எண்ணி உடனே வேறு வடிவுக்குச் சுருக்கிவிட வேண்டாம். சுருக்கும்போது அந்த 50 பாதிப்படங்களை 25 ஆக்கிவிட்டால், போன விரல் போனதுதான். பின் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வட்டு பாதியில் நின்றுவிட்டால், டிடி ரெஸ்கியூ என்னும் இலவசக் கருவி நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களைப் பின்னர்த் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். படியெடுத்தபின் ஒரு பிரதி வீட்டிலும், மற்றொன்று வேறோர் ஊரிலோ நாட்டிலோ இருக்கட்டும். ஒரே கூரையின்கீழ் எல்லாவற்றையும் வைத்திருந்து இழந்தவர்கள் நாம். அப்பாடத்தை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்னுஞ் சில ஆண்டுகளில் இறுவட்டுச் செலுத்தி பொருத்திய கணினியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்பொழுதே புதிய மடிகணினிகள் பலவற்றில் அது இல்லை. ஆகவே மாணவ மணிகளே, வருகின்ற விடுமுறையில் நாளுக்கு மூன்று வட்டு என்று கணக்கிட்டு இவ்வேலையைத் தொடங்குங்கள். 40 வட்டும் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். பார்க்கும்போது மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மாலையோடு நிற்பவர் யார், பந்தியிற் பரிமாறுபவர் யார், அன்று தவில் வாசித்தவர் யார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். முகத்தைக் காட்டுவதோடு மென்பொருளின் வேலை முடிகிறது. அம்முகத்துக்கு உரியவரின் பெயரை அறிந்தவர் அம்மம்மா ஒருவரே.